செடி வாடுதா, சுருளுதா, காய் பிடிக்கலையா? மாடித் தோட்டத்துக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

தாம்பரம் பக்கம் ஒரு மொட்டைமாடியிலும், வீட்டைச் சுற்றியுள்ள கொஞ்சம் மண்ணிலும் பதினோரு வருடமாகக் காய்கறி வளர்க்கிறேன். எங்கள் தெருவில் யார் வீட்டுச் செடி சுணங்கினாலும் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அக்கா, இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி. பாதிக்குமேல் மருந்தே தேவைப்படாது. தண்ணீர், வெயில், தொட்டியின் அடி ஓட்டை ஆகிய மூன்றில் ஒன்றுதான் கோளாறாக இருக்கும். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். ஒரு படியில் சரியானால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

எதற்கும் முன்னால் மூன்றைப் பாருங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தொட்டியைச் சாய்த்து அடி ஓட்டை திறந்திருக்கிறதா பாருங்கள். கீழே சொல்வது எல்லாமே இந்த மூன்றில்தான் தொடங்குகிறது.

செடி வாடித் தொங்குகிறது

இந்த அறிகுறியில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். வாடினால் தண்ணீர் என்று கை தானாகக் குடத்தை எடுத்துவிடுகிறது. நான்கு வகை வாடல் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கொன்றுவிடும்.

*மதியம் மட்டும் வாடி, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது*

மண் ஈரமாக இருந்தால் இது நோயில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் பூசணி, சுரை, வெண்டையின் பெரிய இலைகள் இப்படித்தான் இருக்கும். மாலையில் பார்த்து முடிவு செய்யுங்கள். கத்திரி வெயில் நாட்களில், அதாவது மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசி வரை, 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வலை செடியைத் தொடாமல், தலைக்கு மேல் ஆறேழு அடி உயரத்தில் இருக்கட்டும். தொட்டி மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டைத் துண்டு என்று எதையாவது இரண்டு அங்குலம் பரப்புங்கள். இந்த மூடாக்கு மட்டும் இருந்தாலே எங்கள் மாடியில் ஒரு வேளைத் தண்ணீர் மிச்சமாகிறது. கறுப்புத் தொட்டிகள் இருந்தால் மேற்கு வெயில் படும் பக்கம் ஒரு சாக்கைச் சுற்றிவிடுங்கள். இலை தாங்கினாலும் உள்ளே வேர் வெந்துவிடும்.

*காலையிலும் வாடியிருக்கிறது, தினமும் தண்ணீர் ஊற்றியும் உள்ளே மண் காய்ந்திருக்கிறது*

இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்த வீடுகளில் இதைப் பார்ப்பேன். மண்கலவை அடியோடு காய்ந்தால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். அதன்பின் ஊற்றும் தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியாக அடியில் ஓடிவிடும். ஓட்டையில் தண்ணீர் வருவதைப் பார்த்து நிறைய ஊற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். தூக்க முடியாத தொட்டியென்றால் மேல் மண்ணைக் கிளறிவிட்டு, பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

*மண் சொதசொதவென்று இருக்கிறது, செடி வாடுகிறது*

தண்ணீரை உடனே நிறுத்துங்கள். அடி ஓட்டையில் வேரோ மண்ணோ அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறங்கள். தொட்டியைத் தரையோடு ஒட்டி வைக்காமல் மூன்று செங்கல் மேல் ஏற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் நிமிரவில்லையென்றால் செடியை மண்ணோடு கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பிழைத்துவிடும். பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் அது வேரழுகல். அழுகியதை வெட்டிவிட்டு, புதுக் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலை அடக்கும் நன்மை தரும் பூஞ்சைத் தூள்) கலந்து மாற்றி வைக்கலாம். சின்னச் செடி தேறும். காய்க்கும் வயதுக் கத்தரியில் நான் செய்தவரை தேறியது குறைவு. அதைவிட வேறு நாற்று வைப்பது நல்லது.

*நேற்றுவரை நன்றாக இருந்தது. ஒரே நாளில் பச்சையாகவே சரிந்துவிட்டது*

தக்காளி, கத்தரி, மிளகாயில் இது நடந்தால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம். வீட்டிலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அதுதான். இதற்கு வைத்தியம் இல்லை. செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். வெட்டிய கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். அந்த மண்ணில் இந்த மூன்றும் உருளைக்கிழங்கும் மறுபடி வைக்கக் கூடாது. கீரை, வெண்டை, அவரை போடலாம்.

பால் இறங்கவில்லையென்றால் வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. செடியை எடுத்துவிட்டு மண்ணைக் கோடை வெயிலில் பாலித்தீன் தாளுக்குள் மூடி நான்கைந்து வாரம் காயவிடுங்கள். அப்புறம் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு பட்டம் (ஒரு சாகுபடிப் பருவம்) துலுக்கச் சாமந்தி வையுங்கள். சி வடிவில் சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழு கிடந்தால் அது வேர்ப்புழு. மக்காத சாணம் போட்ட தொட்டிகளில்தான் இது வரும். மண்ணைக் கொட்டிப் பொறுக்கி எடுப்பதே முழு வைத்தியம்.

மிளகாய் இலை சுருட்டை விழுகிறது

என்னிடம் வரும் இலைகளில் பாதி மிளகாய் இலைதான். எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

*ஓரம் மேல்நோக்கி மடிந்து, படகு போல இருக்கிறது:* இலைப்பேன். நுனிக்கிளையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெளிர் மஞ்சள் கோடு போன்ற பூச்சிகள் ஓடும். தை, மாசியில் பனி விலகி வெயில் ஏறும்போது இது பெருகும்.

*கீழ்நோக்கிச் சுருண்டு, இலை நீண்டு குறுகி, காம்பு நீளமாகிறது:* முரணைச் சிலந்தி. தட்டினால்கூடச் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும்.

*இலை சிறுத்து மஞ்சளாகி, நுனியில் கொத்தாகக் கூடி, செடி வளராமல் நிற்கிறது:* வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். பஞ்சகவ்யா, மோர் என்று எதைத் தெளித்தாலும் இது திரும்பாது. பிடுங்கிவிடுங்கள். ஆசையாக வளர்த்த செடிதான், மனசு வராது. ஆனால் அதை விட்டுவைத்த ஒரு வருடம் எங்கள் மாடியில் இருந்த பதினான்கு மிளகாய்ச் செடிகளும் போயின.

முதல் இரண்டுக்கும் வரிசை ஒன்றுதான். முதல் மூன்று நாள் வெறும் தண்ணீர். காலையில் குழாயில் விரலை வைத்துப் பீய்ச்சி, இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி அடியுங்கள். ரொம்பச் சுருண்ட நுனிகளை வெட்டிவிடுங்கள். இதிலேயே பல செடிகள் புதுத் துளிரை நேராக விட்டுவிடும். பழைய சுருண்ட இலை திரும்ப விரியாது. புது இலையைப் பார்த்துத்தான் குணமாகிவிட்டதா என்று சொல்ல வேண்டும்.

கேட்கவில்லையென்றால் வேப்பெண்ணெய். 5 மில்லி எண்ணெயோடு காதி சோப்புக் கரைசல் 3 மில்லி விட்டு, வெண்மையாகக் கலங்கும்வரை நன்றாக அடித்துக் கலக்குங்கள். அதன் பின்பு ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். அப்படியே தெளித்தால் இலை கருகும். முதல் தடவை இரண்டு இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல், வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். இலைப்பேனுக்கு நீல ஒட்டும் அட்டையும், வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையும் செடி உயரத்துக்குக் கட்டினால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சிலந்தி மட்டும் அடங்கவில்லையென்றால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம். இயற்கை வேளாண்மையில் அனுமதி உள்ளதுதான். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கடும் வெயில் நாட்களில் அடிக்கவே கூடாது. இரண்டு விதத்திலும் இலை வெந்துவிடும்.

இலை மஞ்சளாகிறது

அடியிலைகள் மட்டும் ஒரே சீராக மஞ்சளாகிறது என்றால் தழைச்சத்துக் குறை. தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, பத்து நாள் கழித்து மீன் அமிலம் (மீனை வெல்லத்தில் ஊறவைத்து எடுத்த கரைசல்) லிட்டருக்கு 5 மில்லி கலந்து வேரில் ஊற்றுங்கள். வெள்ளம் போல மழை பெய்து ஓய்ந்த கார்த்திகையில் எல்லாத் தொட்டியிலும் இது வரும், ஏனென்றால் சத்தெல்லாம் தண்ணீரோடு போயிருக்கும்.

நுனியிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், எங்கள் பகுதியில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேல் மண்ணை இரண்டு அங்குலம் வழித்து எடுத்துவிட்டுப் புது உரம் போடுங்கள். ஐப்பசி மழையில் தொட்டிகளை இரண்டு நாள் நன்றாக நனையவிட்டால் உப்பு தானாக இறங்கிவிடும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதை ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை மட்டும் வேண்டாம். அதில் உப்பு இன்னும் கூடுதல். இவ்வளவுக்கும் பிறகு மஞ்சள் மாறவில்லையென்றால் அன்னபேதி (இரும்புச்சத்து தரும் உப்பு) 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு லிட்டர் தண்ணீர். இதை இலையில் ஒரு தடவை தெளிக்கலாம். இது உப்புதானே, இயற்கையா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பருவத்தில் ஒரு தடவை தெளிப்பதில் எனக்கு மனத்தடை இல்லை.

வெண்டையில் இதற்கு நேர் எதிராக, நரம்பு மஞ்சளாகவும் இடைப்பகுதி பச்சையாகவும் இருந்தால் அது நரம்புத் தேமல். மிளகாய் வைரஸ் கதைதான் இதுவும். பிடுங்கிவிட்டு மஞ்சள் அட்டை கட்டுங்கள்.

பூ வருகிறது, உதிர்கிறது, காய் நிற்கவில்லை

தக்காளியா? மாதம் என்ன என்று பாருங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ நிற்காது. சித்திரையில் அதற்கு மருந்து வாங்குவது வீண். ஆடியில் விதைத்து ஆவணியில் நட்டதும், கார்த்திகையில் விதைத்ததும்தான் இங்கே காய்க்கிறது. நல்ல மாதத்திலும் உதிர்ந்தால் காலையில் பூக்கொத்தின் பின்னால் விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

கொடிகளா? முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூ மட்டும்தான் வரும், உதிரும். அது வழக்கம்தான். பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண்பூ. அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழுகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. பாகலும் பூசணியும் காலையில் பூப்பவை. ஒன்பது மணிக்கு முன் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவில் தடவுங்கள். சுரையும் பீர்க்கனும் புடலையும் சாயங்காலம்தான் விரியும். காலையில் போய்த் தடவிவிட்டு "கையால சேர்த்தும் காய்க்கல" என்று வருத்தப்படுபவர்களிடம் நான் முதலில் கேட்பது நேரத்தைத்தான்.

இலை கரும்பச்சையாக, தழைத்துக்கொண்டே போய்ப் பூவே குறைவென்றால் உரம் அதிகம். மீன் அமிலத்தையும் புண்ணாக்குக் கரைசலையும் மூன்று வாரம் நிறுத்துங்கள். ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள். பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியபின் காய்ப்பு நின்ற மாடிகள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

தக்காளிக் காயின் அடி கறுத்துக் குழிந்தால் புழுவும் இல்லை, நோயும் இல்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றியதால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீரை ஒரே அளவாக, ஒரே நேரத்தில் கொடுத்தால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

காயில் ஓட்டை

கத்தரியில் காய் துளைபடும் முன்பே நுனிக்குருத்து வாடித் தலை சாயும். அதுதான் முதல் தடயம். வாடிய குருத்தை ஒரு அங்குலம் கீழே சேர்த்து வெட்டிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். வாரம் இரண்டு தடவை இப்படி வெட்டி நசுக்கினாலே பாதிப்புப் பெருமளவு குறையும். ஓட்டை விழுந்த காயைச் செடியில் விடாதீர்கள். கூடவே வேப்பங்கொட்டைச் சாறு: 50 கிராம் கொட்டையை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, வடிகட்டி, சோப்புச் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

பாகல், புடலைக் காய் பிஞ்சிலேயே கோணி, மஞ்சளாகி, உள்ளே நெளிந்தால் பழ ஈ. எதைத் தெளித்தாலும் காய்க்குள் இருக்கும் புழுவுக்கு எட்டாது. பிஞ்சாக இருக்கும்போதே காகித உறை மாட்டுங்கள். ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் பொறிகளும் உண்டு: கொடிக்காய்க்கு க்யூலூர் பொறி, கொய்யாவுக்கும் மாமரத்துக்கும் மீதைல் யூஜினால் பொறி. கடையில் மாற்றி வாங்கிவிட்டால் ஒரு ஈயும் விழாது. கீழே விழுந்த காயை மண்ணில் விட்டுவிடக் கூடாது. அந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, கரும்புகை

தண்டில் வெள்ளைப் பஞ்சும் எறும்பு வரிசையும் இருந்தால் மாவுப்பூச்சி. எறும்பை முதலில் தடுங்கள், ஏனென்றால் மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிப் போவதும், தின்ன வரும் பூச்சிகளை விரட்டுவதும் அதுதான். தொட்டிக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தெடுங்கள். செம்பருத்தியில் ஏறிவிட்டால் அந்தக் கிளையையே வெட்டுவது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. பொறிவண்டின் இளம்புழு சிலவும் மாவு பூசியது போல வெள்ளையாகத்தான் இருக்கும். மாவுப்பூச்சி மந்தமாகக் கிடக்கும். இது தொட்டால் விறுவிறுவென ஓடும். அதைக் கொன்றுவிடாதீர்கள். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெளுத்தபோது, மருந்தடித்து அடக்க முடியவில்லை. 2010-ல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின.

தென்னை, கொய்யா, வாழை இலைக்கு அடியில் வெள்ளைச் சுருள் வட்டங்களும், மேலே கரி பூசியது போலவும் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்டு இப்போது எங்கும் இருக்கிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரிக்கு மைதா 25 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாக்கி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து உதிரும்போது கரியும் சேர்ந்து வரும். உயரத் தென்னை என்றால் நீங்களே ஏற வேண்டாம். மரம் ஏறுபவரைக் கூப்பிடுங்கள்.

மழை, பனி மாதங்களில் வருபவை

முளைத்த நாற்று மண் மட்டத்தில் மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். நாற்றுத்தட்டை மழை படாத இடத்துக்கு மாற்றி, சூடோமோனாஸ் (நன்மை தரும் பாக்டீரியாத் தூள்) லிட்டருக்கு 10 கிராம் கலந்து ஊற்றுங்கள். விதைக்கும்போதே நெருக்கம் குறைத்தால் வராது.

மார்கழிப் பனியில் பூசணி, வெள்ளரி இலையில் மாவு தூவியது போல வருவது சாம்பல் நோய். நன்றாகப் புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, வாரம் இரு தடவை. தொடக்கத்திலேயே தெளித்தால்தான் கேட்கும்; பாதி இலை வெளுத்தபின் இலையைக் கிள்ளி எறிவதே நல்லது.

இரவில் இலையைத் தின்றுவிட்டுப் பளபளவென்று தடம் விட்டுப் போவது நத்தை. ஈரச் சாக்கின் கீழ் முட்டைக்கோஸ் இலையும் பப்பாளி இலையும் போட்டு வைத்து, காலையில் திரட்டுங்கள். வெறும் கையால் தொடவே கூடாது. பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் மனிதருக்கு நோய் தரும் புழுவைச் சுமக்கும். கையுறை போடுங்கள், குழந்தைகளை அனுப்பாதீர்கள். உப்பைத் தொட்டியில் கொட்டினால் நத்தையோடு செடியும் போகும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஒரே அறிகுறி பத்து நாளுக்குள் மூன்று வகைச் செடிக்குப் பரவினாலும், ஒரே தொட்டி மண்ணில் இரண்டு பட்டம் தொடர்ந்து செடி செத்தாலும் நீங்களே யூகிப்பதை நிறுத்துங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, கட்டணமில்லை, காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே பேசலாம். நேரில் காட்டுவதென்றால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம், இல்லையென்றால் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகம். ஒரு இலையை மட்டும் கொண்டுபோனால் அவர்களுக்கும் கஷ்டம். பாதிக்கப்பட்ட கிளை, நல்ல கிளை, முடிந்தால் வேரோடு ஒரு செடி என்று எடுத்து, செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலித்தீன் பையில் வைத்தால் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். கடைசியாக என்ன தெளித்தீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிறைய மண் வாங்கி மாற்றுமுன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இன்னொன்று செடியைப் பற்றியது இல்லை. தொட்டியை நகர்த்தினால் தரை ஈரமாகவே இருக்கிறது, கீழ் வீட்டுக் கூரையில் பழுப்புக் கறை படர்கிறது, சிமெண்டுப் பூச்சு உரிகிறது என்றால், உடனே தொட்டிகளைச் சுவரோரமாகவும் தூண்களுக்கு மேலாகவும் நகர்த்துங்கள். 15 அங்குலப் பை ஒன்று மழையில் நனைந்தால் 40 கிலோவைத் தொடும். ஐம்பது பை இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தரையில் பெயின்ட் மட்டும் பூசி மூட நினைக்காதீர்கள். கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை புதிதாக ஒரு தொட்டிகூட மேலே ஏற வேண்டாம்.